மல்லாந்தவர்களின் கூரை

அத்தை அன்றைக்கும் கட்டிலில் கோணலாகத்தான் கிடந்தார். தலை தலையணையின் இடது மூலைக்குப் போயிருந்தது. கால்கள் வலது ஓரத்தில் போர்வையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தன. படுக்க வைத்தபோது நேராகத்தான் கிடத்தியிருந்தோம். இடுப்பெலும்பு உடைந்து ஒன்பது வாரம். தானாகப் புரள முடியாதவர் எப்படி இப்படித் திரும்பிக்கொள்கிறார் என்று உடற்பயிற்சி கொடுக்க வரும் பெண்ணுக்கும் விளங்கவில்லை. "யாராவது வந்து உங்களத் திருப்பிப் போட்டுட்டுப் போறாங்களாம்மா?" என்று அவள் கேட்டதற்கு, "ஆமா, எமன் வந்து அளவெடுத்துட்டுப் போறான். அளவு சரியா வரல போல, தெனம் வர்றான்" என்றார் அத்தை.

நான் தோளுக்கடியில் கை கொடுக்க, வீட்டுக்காரர் காலைப் பிடிக்க, மாமியாரை நேராக்கினோம்.

"இப்ப நேரா இருக்கீங்களா அத்தை?"

"நான் எப்பவும் நேராத்தான் இருக்கேன். உங்க கட்டில்தான் கோணல்." கொஞ்ச நேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஊருக்கெல்லாம் கூரை போடுறவ, நம்ம வீட்டுக் கூரைய என்னிக்காவது அண்ணாந்து பாத்திருக்கியா? ஒம்போது வாரமா நான்தான் பாக்குறேன். அதோட லட்சணம் எனக்குத்தான் தெரியும்" என்றார்.

எனக்கு நேரமாகிவிட்டிருந்தது. சிரித்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டேன்.

நான் கட்டடக் கலைஞர் இல்லை, படம் வரைபவள். இருபத்திரண்டு வருடமாக ஒரே அலுவலகம். பெரிய சார் ஒரு தாளில் நாலு கோடு கிறுக்கித் தருவார். அந்த நாலு கோட்டை நானூறு தாளாக ஆக்குவது எங்கள் வேலை. எந்தச் சுவர் எவ்வளவு தடிமன், எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், குழாய்க்கு மேலே கண்ணாடி எத்தனை அடி உயரத்தில் வரும் என்று ஒவ்வொன்றாக அவர் கிறுக்கலுக்கு உடம்பு கொடுத்துக்கொண்டு போவோம். ஒவ்வொரு தாளிலும் வலது கீழ் மூலையில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் 'வரைந்தவர்' என்ற இடத்தில் என் பெயரின் முதல் இரண்டு எழுத்துகள் இருக்கும். கட்டுமான இடத்தில் அந்த மூலையைத்தான் எல்லாரும் பிடித்துத் தாளைத் திருப்புவார்கள். ஒரு மாதத்தில் விரல் அழுக்கில் அந்த எழுத்துகள் மறைந்துபோகும். அதில் எனக்கு வருத்தம் இருந்ததாக யாரிடமும் சொன்னதில்லை. இருந்ததா என்று எனக்கே தெளிவாகத் தெரியாது.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு நீச்சல் அரங்க வேலை எங்களுக்கு வந்தது. பல நாடுகள் கூடும் பெரிய போட்டிக்காகக் கட்டுவது. பத்துத் தடங்கள் கொண்ட ஐம்பது மீட்டர் குளம், அதையடுத்துக் குதிக்கும் குளம், இரண்டு பக்கமும் மலைச்சரிவுபோல ஏறும் இருக்கைகள். எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு தூண் கூட நடுவில் இல்லாமல், ஒரே கூரை. இருக்கைகளுக்கு மேலே எழும்பி, குளத்துக்கு மேலே தாழ்ந்து, குதிக்கும் குளத்துக்கு மேலே மறுபடி எழும்பும். பெரிய சார் அதை ஒரு பேருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் வரைந்ததாகச் சொல்வார்கள். இல்லை, கைக்குட்டையில் என்று இன்னொரு கதையும் உண்டு. அந்தக் கூரையின் அடிப்பக்கத்தை மறைக்கக் குளத்தின் நீளத்துக்கு மரச்சட்டங்கள். நாலு விரல் அகலம், நாலு விரல் இடைவெளி என்று நூற்றுக்கணக்கில். சட்டங்கள் நேராக ஓடவேண்டும் என்றுதான் எனக்குச் சொல்லப்பட்டிருந்தது.

நேராகத்தான் வரைந்தேன். அலைபோல இறங்கி ஏறும் கூரைக்கு அடியில் அவை சிறைக்கம்பிபோல இருந்தன. ஒரு சனிக்கிழமை மதியம், அலுவலகத்தில் நானும் ஒரு பழைய மின்விசிறியும் மட்டும் இருந்தபோது, முதல் சட்டத்தை நடுவில் மெல்ல இடது பக்கம் ஒதுக்கினேன். பாதித் தூரம் தாண்டியதும் ஒன்றேகால் மீட்டர் விலகி, பிறகு எதுவும் நடக்காததுபோலத் திரும்பி வந்து சேரும் ஒரு வளைவு. மற்ற சட்டங்களையும் அதன் பின்னாலேயே அனுப்பினேன். திரையில் கூரை மூச்சுவிட்டதுபோல இருந்தது. திங்கட்கிழமை பெரிய சார் என் பின்னால் வந்து நின்றார். ரொம்ப நேரம் பார்த்தார். "ம்" என்றார். அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அந்த 'ம்'-ஐ நான் ஆறு வருடம் வைத்திருந்தேன். அரங்கம் திறந்ததும் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. எல்லாரும் அந்த வளைவைத்தான் எழுதினார்கள். ஒரு பேட்டியில் சார், சிறுவயதில் தான் பார்த்த ஆறு ஒன்று ஒரு திருப்பத்தில் ஒதுங்கி ஓடியது மனதிலேயே இருந்தது என்று சொல்லியிருந்தார். படித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைத்தேன். கோபம் வரவில்லை. அவருக்கு உண்மையிலேயே அப்படி ஓர் ஆறு இருந்திருக்கலாம். நான் வரைந்தபோது எந்த ஆற்றையும் நினைக்கவில்லை. யாரும் இல்லாத அந்த மதியத்தில் ஒரு கோடு தன் இஷ்டத்துக்குப் போகட்டும் என்று விட்டேன், அவ்வளவுதான். போட்டி ஆரம்பிக்கும்போது உலகம் முழுவதும் தொலைக்காட்சியில் அந்தக் கூரையைக் காட்டுவார்கள். அன்று வீட்டில் உட்கார்ந்து, ஒன்றும் சொல்லாமல் பார்க்கவேண்டும் என்பதுதான் என் ஆசை.

அன்றைக்கு அலுவலகத்தில் பெரிய சார் என் மேசையில் ஒரு கடிதத்தை வைத்தார். பயிற்சிக்காக அந்தக் குளத்தைப் பயன்படுத்தும் ஒரு குழுவின் பயிற்சியாளர் எழுதியது. மல்லாந்து நீந்துபவர்கள் மூன்று பேர், முப்பது மீட்டரைத் தாண்டும்போது இடது பக்கத் தடக்கயிற்றில் இடித்துக்கொள்கிறார்கள். வேறு எந்தக் குளத்திலும் இப்படி நடப்பதில்லை. கடிதம் இந்த ஒரு வரியோடு முடிந்திருந்தது: 'கூரையைப் பார்க்கவும்.'

"பதினாலு மீட்டர் உயரத்துல இருக்கிற மரம், தண்ணியில போறவங்களப் பிடிச்சு இழுக்குமா? நீங்களே சொல்லுங்க" என்றார் சார்.

"இழுக்காது சார்."

"அதையே ஒரு பக்கத்துக்கு எழுதிடுங்கம்மா. உயரம், கோணமெல்லாம் போட்டு ஒரு படமும் வெச்சிடுங்க. அடுத்த வியாழக்கிழமை போட்டிக் குழு ஆய்வுக்கு வர்றாங்க. அதுக்குள்ள பதில் அவங்க கையில இருக்கணும். அந்தக் கூரை உங்களுக்குத்தான் அத்துப்படி."

மதியத்துக்குள் எழுதிவிட்டேன். நல்ல பதில். நீந்துபவரின் கண்ணிலிருந்து கூரைக்குக் கோடுகள் இழுத்து, வளைவு எவ்வளவு சின்னக் கோணத்தில் தெரியும் என்று கணக்குப் போட்டிருந்தேன். எழுதும்போது முழுமனதாக நம்பித்தான் எழுதினேன். ஆனாலும் அன்று அதைச் சாரிடம் கொடுக்கவில்லை. நாளைக்கு இன்னொரு முறை படித்துவிட்டுக் கொடுக்கலாம் என்று பையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அத்தை மறுபடி கோணல். கஞ்சி கொடுத்து வாயைத் துடைத்துவிட்டு, முதுகு வலிக்கிறதே என்று கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் அப்படியே மல்லாந்து படுத்தேன். விளக்கு இன்னும் போடவில்லை. ஜன்னல் வெளிச்சம் சாய்வாக மேலே விழுந்துகொண்டிருந்தது. பதினேழு வருடமாகக் குடியிருக்கும் வீடு. அந்த அறையின் மேற்கூரையை அன்றைக்குத்தான் பார்த்தேன். சுவிட்ச் பெட்டி இருக்கும் மூலையிலிருந்து நடுவில் இருக்கும் மின்விசிறிக்கு, வயர் போகும் பிளாஸ்டிக் பட்டை ஒன்று குறுக்காக ஓடியது. எலக்ட்ரீஷியன் வயரை மிச்சம் பிடிக்கச் சுவரோரமாக வளைக்காமல் நேரே அடித்துவிட்டுப் போயிருக்கிறான். வெள்ளைக் கூரையில் வேறு எதுவுமே இல்லை, அந்த ஒரு கோட்டைத் தவிர. எழுந்து உட்கார்ந்து அத்தையைப் பார்த்தேன். தலையிலிருந்து கால்வரை, அளவுகோல் வைத்ததுபோல, அந்தப் பட்டைக்கு இணையாகக் கிடந்தார்.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். இரண்டு பேருமாகக் கட்டிலை இழுத்து அந்தப் பட்டையின் திசைக்குத் திருப்பிப் போட்டோம். இப்போது அறைக்குள் கட்டில் கோணலாக நின்றது. அலமாரிக் கதவு பாதிதான் திறந்தது. அத்தை மட்டும், மறுநாள் காலையில் பார்த்தபோது, கட்டிலின் நடுவில் கோடு போட்டதுபோல நேராகக் கிடந்தார்.

"பாத்தியா" என்றார். "அப்பவே சொன்னேன், கட்டில்தான் கோணல்னு."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பல் துலக்கும்போது கை நின்றது. கட்டிலைத் திருப்பலாம். குளத்தைத் திருப்ப முடியாது.

*

அலுவலகத்துக்கு இரண்டு மணிநேரம் தாமதமாக வருவேன் என்று சொல்லிவிட்டு அரங்கத்துக்குப் போனேன். கட்டி முடிந்த பிறகு நான் அங்கே போனது மொத்தம் மூன்று தடவை. மூன்று தடவையும் இருக்கைகளின் நடுவரிசையில் உட்கார்ந்துதான் பார்த்தேன். அங்கிருந்து பார்க்கத்தான் அதைச் செய்தோம். காலை வெயில் கிழக்குக் கண்ணாடி வழியாக உள்ளே வந்து தண்ணீரில் விழுந்து, அங்கிருந்து எழும்பிக் கூரையின் மரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் எங்கே முடிகிறது, மரம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. யாரோ தண்ணீரில் கையடிக்கும் சத்தம் மேலே போய் வேறு யாருடைய சத்தமாகவோ திரும்பி வந்தது.

கரையில் கால்சட்டையை முழங்காலுக்கு மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீரைச் சோதிக்கும் ஆள் நின்றிருந்தார். எல்லாரும் அவரைக் குளோரின் அண்ணன் என்று கூப்பிட்டார்கள். நான் யார் என்று சொன்னதும் அவர் ஐந்தாவது தடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏ கரப்பான்! உன் கூரைக்காரம்மா வந்திருக்காங்க!"

மல்லாந்து வந்துகொண்டிருந்த ஒருத்தி சுவரைத் தொட்டு நின்றாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டாள். அகலமான தோள்கள், சிரித்தால் காணாமல் போகும் கண்கள்.

"எப்பவும் மல்லாந்து கையக் கால ஆட்டிக்கிட்டே கெடக்கேன்ல, அதான் இந்தப் பேரு" என்றாள். "நீங்கதான் அந்தக் கூரைய வரைஞ்சதாக்கா?"

"படம் நான்தான் வரைஞ்சேன்."

"ரொம்ப அழகுக்கா. அதான் பிரச்சனையே."

பிறகு தடத்தின் அடியில் தெரிந்த கறுப்புக் கோட்டைக் காட்டினாள். குப்புற நீந்துபவர்களுக்காக அதை நாங்கள் ஓடு ஓடாக எண்ணிப் பதித்திருந்தோம். "அவங்களுக்குக் கீழ கோடு இருக்கு. எங்களுக்கு மேலதான் எல்லாமே. பிடிச்சுக்க ஏதாவது ஒண்ணு வேணும்ல. உங்க கட்டைய விட்டா அங்க வேற ஒண்ணும் இல்ல. வேணாம் வேணாம்னு நெனச்சாலும் கண்ணு அதோட போயிடுது. கண்ணு போனா தோள் போயிடும். எனக்கு இது கடைசிப் போட்டிக்கா, இருபத்தொம்பது ஆகுது. கயித்துல இடிச்சா ஒரு கைவீச்சு பிசகும். ஒரு கைன்னா எங்க கணக்குல ஒரு யுகம்."

"எனக்குத் தெரியணும்" என்றேன். "கணக்குல சரியா வருது. கண்ணுக்கு எப்படித் தெரியுதுன்னு பாக்கணும்."

"அப்ப இறங்குங்க. நீச்சல் தெரியும்ல?"

"தெரியாது."

கரப்பான் தண்ணீரை அடித்துச் சிரித்தாள். "அண்ணே, கேட்டீங்களா? நீச்சக்குளம் கட்டினவங்களுக்கு நீச்சல் தெரியாதாம்!"

"செருப்புத் தைக்கிறவன் வெறுங்காலோட நடக்குறதில்லையா, அதுமாதிரி" என்றார் குளோரின் அண்ணன். நான் சுரிதாரோடு படியில் கால் வைக்கப்போவதைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். "அம்மா, அம்மா! பருத்தி உள்ள வரக்கூடாது. நூலு நூலாப் பிரிஞ்சு ஃபில்டர அடைச்சுக்கும். அப்புறம் நான்தான் கைய விட்டு நோண்டணும்."

கரப்பானின் பெட்டியிலிருந்து ஒரு நீச்சல் உடை கிடைத்தது. நாற்பத்தாறு வயதில் அதற்குள் புகுந்து வெளியே வர நான் பட்ட பாட்டை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு துண்டைத் தோள்வரை சுற்றிக்கொண்டு வந்தேன். குளோரின் அண்ணன் நாகரிகமாகத் திரும்பி நின்று சோதனைக் குழாயை வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. கரப்பான் என் இடுப்புக்கடியில் ஒரு மிதவையை வைத்தாள், கழுத்துக்கடியில் தன் உள்ளங்கையை. "தலைய விட்டுடுங்கக்கா. தலைதான் ரொம்பக் கனம். அதத் தண்ணிகிட்டக் குடுத்துடுங்க." நான் கொடுக்கவில்லை. இரண்டு மூன்று முறை கழுத்தை விறைத்துக்கொண்டு இருமினேன், மூக்கில் தண்ணீர் ஏறிக் கண் எரிந்தது. பிறகு எந்த நொடியில் என்று தெரியவில்லை, தலை என்னைவிட்டுப் போய்விட்டது. காதுகள் தண்ணீருக்குள் இறங்கின. உலகத்தின் சத்தமெல்லாம் நின்று, எங்கோ அடியில் ஓடும் பம்பின் முனகலும் என் மூச்சும் மட்டும் மிஞ்சின.

மேலே கூரை இருந்தது.

கூரைப் படத்தை நாங்கள் ஒரு விநோதமான முறையில் வரைவோம். தரை முழுக்க ஒரு கண்ணாடியைப் பரப்பி, அதில் குனிந்து பார்த்தால் கூரை எப்படித் தெரியுமோ அப்படி. எந்தக் கூரையையும் நாங்கள் குனிந்துதான் பார்க்கிறோம். நான் வரைந்த இத்தனை கூரைகளில் ஒன்றுக்கு அடியிலும் நான் படுத்ததில்லை. இப்போது அது என்மேல் கவிந்திருந்தது. தண்ணீரின் வெளிச்சம் சட்டங்களின்மேல் ஓட, அவை ஓரிடத்தில் நிற்காமல் அசைந்துகொண்டே இருந்தன. எவ்வளவு உயரம் என்று சொல்ல முடியவில்லை. பதினாலு மீட்டர் என்று எனக்குத் தெரியும். அந்த எண்ணை நானே எழுதியிருக்கிறேன். ஆனால் கை நீட்டினால் தொட்டுவிடலாம்போலவும், கீழே விழுந்தால் அதற்குள் விழுவேன்போலவும் இருந்தது.

கழுத்தடியில் இருந்த கை விலகியது. அவள் ஏதோ சொன்னாள், தண்ணீர் அதை முழுங்கிவிட்டது. நான் மெல்லக் காலை அசைத்தேன். சட்டங்கள் நகர ஆரம்பித்தன. நான் நகர்கிறேன் என்று தோன்றவே இல்லை. கூரைதான் என்னைக் கடந்து, தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு, நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு சட்டத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டேன். பக்கத்துச் சட்டத்திலிருந்து அதைப் பிரித்துக்காட்ட ஒரு கறுத்த முடிச்சு இருந்தது. அது போன பிறகும் கண் அந்தச் சட்டத்தை விடவில்லை. அத்தையின் கஞ்சி, வியாழக்கிழமை, பையில் இருக்கும் கடிதம் எதுவும் அப்போது என்னிடம் இல்லை. வாழ்நாளில் இவ்வளவு நேராக நான் எங்கேயும் போனதில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததுகூட நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இடது தோளில் ஏதோ வந்து இடித்தது. பதறித் தலையைத் தூக்கினேன், உடனே முழுகினேன். கரப்பான் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். நான் தடக்கயிற்றின் மிதவைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருமினேன்.

"நான் தொடவே இல்லக்கா. சத்தியமா. பக்கத்துலயேதான் வந்தேன்."

முப்பதாவது மீட்டர் எண் சுவரோரத்தில் தெரிந்தது. நான் அதைத் தாண்டி இரண்டடி வந்திருந்தேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபோது எனக்குள் முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைத்துப் பயனில்லை. என் கோடு ஓர் உடம்பைப் பிடித்து இழுத்திருக்கிறது. நான் ஒரு சனிக்கிழமை மதியம் கை போன போக்கில் விட்ட கோடு, ஆறு வருடம் கழித்து, பதினாலு மீட்டர் கீழே வந்து என்னையே ஒதுக்கியிருக்கிறது. அதற்கு அப்புறம்தான் மற்றது வந்தது. பையில் இருக்கும் நல்ல பதில் பொய். அதை நான் கொடுக்காவிட்டால் என் வளைவின் குறுக்கே யாராவது நேர்க்கோடு போடுவார்கள். கொடுத்தால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை, கயிற்றில் இடிப்பவர்களைத் தவிர.

"என்னக்கா, அழறீங்களா?"

"மூக்குல தண்ணி" என்றேன்.

*

பெரிய சார் நான் சொன்னதை முழுவதும் கேட்டார். அறையில் இரண்டு இளம் கட்டடக் கலைஞர்களும் இருந்தார்கள். ஒருவன் என் ஈரத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பத்துத் தடத்துக்கும் நடுவுல ஒவ்வொரு வெள்ளைக் கோடு வேணும் சார். சட்டத்தோட அடிப்பக்கத்துல, இந்தக் கடைசியிலேர்ந்து அந்தக் கடைசி வரைக்கும். நேரா."

"கூரைய வெட்டிப் போட்ட மாதிரி இருக்கும்."

"இருக்கும் சார்."

அவர் ஜன்னலுக்குப் போனார். திரும்பி வந்தார். மேசையில் இருந்த பென்சிலை எடுத்து, கூர் பார்த்து, வைத்தார். பிறகு அந்த இருவரும் கேட்க, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"நான் நேராத்தான் வேணும்னு சொல்லியிருந்தேன். ஞாபகம் இருக்கா? அந்த வளைவு நீங்க போட்டதும்மா."

அந்த இளைஞர்கள் தரையைப் பார்த்தார்கள். எனக்கு அவமானமாக இருக்கும் என்று அவர்கள் எனக்காகச் சங்கடப்பட்டுக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன். எனக்கோ காதில் மறுபடி தண்ணீர் புகுந்ததுபோல இருந்தது. அரங்கம் திறந்ததிலிருந்து அவர் அந்த ஆற்றைப் பற்றி எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார். குற்றம் என்றானதும் கோடு என்னிடம் திரும்பி வந்துவிட்டது. தொலைந்த பிள்ளையைப் போலீஸ்காரர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, 'இது உங்க வீட்டுப் பிள்ளைதானே, என்ன பண்ணியிருக்கான் பாருங்க' என்று வாசலில் நிறுத்தினால், பெற்றவள் முதலில் அவன் செய்ததையா கேட்பாள்?

"ஆமா சார்" என்றேன். "நான் போட்டதுதான்."

என் குரலில் என்ன இருந்ததோ, அவர் நிமிர்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவர் கண்கள்தான் முதலில் நகர்ந்தன.

பழைய பதிலைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். அரைப்பக்கம்கூட வரவில்லை. பயிற்சியாளர் சொல்வது சரி, வளைவை வடிவமைத்தவள் நான், அதைச் சரிசெய்யும் முறை இத்துடன் இணைத்த படத்தில் இருக்கிறது. அடியில் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சார் அதை இரண்டு முறை படித்தார். பேனாவை எடுத்தபோது எதை அடிக்கப்போகிறார் என்று அதன் முனையையே பார்த்தேன். ஒரு காற்புள்ளி மட்டும் சேர்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

*

புதன்கிழமை பிற்பகல் குளத்தை மூடிவிட்டு வேலை நடந்தது. ஆய்வாளர்கள் வருவதற்குள் ஐந்தாவது தடத்துக்கு மட்டுமாவது வெள்ளைக் கோடு வரும் இடத்தைக் குறித்துக் காட்டவேண்டும். கயிற்றில் தொங்கி வேலை செய்யும் இரண்டு பேர் சட்டங்களுக்கு அடியில், கூரையின் இந்தக் கடைசியில் ஒருவர், அந்தக் கடைசியில் ஒருவர், கால்களைக் காற்றில் ஊஞ்சலாட்டிக்கொண்டு தொங்கினார்கள். அவர்களுக்கு நடுவில் நீலப் பொடியில் தோய்த்த நீண்ட நூல். அதை இழுத்து விறைப்பாக்கி, விரலால் தூக்கிச் சுண்டிவிட்டால், தொட்ட இடமெல்லாம் நீலக் கோடு விழும். நூல் வளைவைக் குறுக்கே வெட்டிப் போவதால் முழுக்கோடாக விழாது, ஒவ்வொரு சட்டத்திலும் ஒரு துண்டு விழும். அந்தத் துண்டுகள் சேர்ந்து நேராகத் தெரிகிறதா என்று கரையில் நின்று சொல்ல முடியாது.

"நான் சொல்றேன்க்கா, நீங்க ஏன் சிரமப்படறீங்க" என்றாள் கரப்பான். நான் உடை மாற்றிக்கொண்டு வந்திருந்தேன். இந்த முறை என் அளவுக்கு வாங்கியது. வீட்டுக்காரர், "மெடலோட வா" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

"பொடி எல்லாம் தண்ணியில விழும்" என்று குளோரின் அண்ணன் யாரிடமும் இல்லாமல் முணுமுணுத்தார். "நீலமா ஆகட்டும். நமக்கென்ன. கடல்னு சொல்லிக்குவோம்."

பெரிய சார் வந்திருந்தார். குளத்தோரத்தில் காலணிகளைக் கழற்றி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துவிட்டு, காலுறையோடு ஈரத் தரையில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நடுவரிசை இருக்கைக்குப் போகவில்லை. என்னைப் பார்த்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

நான் படியில் இறங்கி, தடத்தின் நடுவில் மல்லாந்தேன். தலையைத் தண்ணீரிடம் கொடுத்தேன். மிதவை இல்லை. கரப்பான் ஒரு கை தூரத்தில் இருந்தாள். காதுகள் உள்ளே போயின.

என் வளைவு மேலே ஓடியது. கடைசி முறையாக அது மட்டும் தனியாக. அதன் குறுக்கே அந்த நூல், கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததுமாக, நின்றிருந்தது. ஓர் ஆள் கையைத் தூக்கினான். நூல் ஒருமுறை துள்ளியது. சத்தம் எனக்குக் கேட்கவில்லை. சட்டம் சட்டமாக நீலத் துண்டுகள் பிறந்து, என் தலைக்குப் பின்னால் எங்கேயோ தொடங்கி, கால்விரல்களைத் தாண்டிப் போயின. அவற்றின் அடியில் சட்டங்கள் இன்னும் ஒதுங்கிக்கொண்டுதான் இருந்தன, தங்கள் பாட்டுக்கு.

தொங்கிக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்து வாயைத் திறந்து ஏதோ கேட்டான். நேராக இருக்கிறதா என்று கேட்டிருக்கவேண்டும். கரையில் சாரும் என் பக்கம் திரும்பியிருப்பார். நேராகத்தான் இருந்தது. அதைச் சொல்வதற்குக் கையைத் தூக்கவேண்டும், தூக்கினால் தோள் அமிழும், கூரை கலைந்துவிடும். நூலிலிருந்து உதிர்ந்த பொடி, வெயில் விழுந்த இடத்தில் மட்டும் தெரியும் நீலப் புகையாக, அவ்வளவு உயரத்திலிருந்தும் அவசரமே இல்லாமல் இறங்கி வந்துகொண்டிருந்தது. அது என்மேல் வந்து சேரும்வரை இருக்கலாம் என்று கண்ணை மூடாமல் கிடந்தேன்.